ஒரு சுருள் தகட்டுக்கு ஒரு துண்டு பதமா?



செமஸ்டர் லீவுக்கு தேவாரம் வந்து பத்து நாளாச்சு. மலையில இருந்து இறங்கி வர்ற காத்து, அம்மா கைச் சாப்பாடு, மத்தியானத் தூக்கம்னு பொழுது ஓடிக்கிட்டு இருக்கு. "ஏதாவது எழுதுடா"ன்னு கூடப் படிக்கிற பசங்க ரெண்டு பேரு போன் பண்ணித் திட்டிட்டாங்க. என்ன எழுதறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, அம்மா வாங்கிட்டு வந்த ஒரு எவர்சில்வர் தூக்குவாளி விஷயத்தைக் கையில கொடுத்துச்சு.

நம்ம வீடுகள்ல எவர்சில்வர் வாங்கினா ஒரு பரீட்சை உண்டு இல்லையா? காந்தம் வச்சுப் பாக்கறது. ஒட்டினா போலி, ஒட்டலைன்னா அசல். எங்கம்மா ஒரு பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை இதுக்குன்னே அலமாரியில பத்திரமா வச்சிருக்காங்க. தூக்குவாளியோட அடியில வச்சாங்க. ஒட்டலை. பரம சந்தோஷம். அதோட விட்டிருக்கலாம். பக்கச் சுவர்ல, வாய்க்குக் கொஞ்சம் கீழே வச்சுப் பாத்தாங்க. லேசா இழுத்துச்சு!

"பாத்தியா, அடியில நல்ல தகடு, மேல இரும்பு. ஏமாத்திட்டான். நீ மெக்கானிக்கல்தானடா படிக்கிற, வா கடைக்கு, வந்து பேசு."

"அம்மா, இது ஒரே தகடு. ஒட்டுப் போட்ட இடம் எங்கயாவது தெரியுதா? அடியில இருக்கறதுதான் மேலயும் இருக்கு. பிரஸ்ல வச்சு அமுக்கி இழுத்திருக்காங்க, அதனால ஒட்டுது."

"அமுக்குனா இரும்பு வந்துருமா?"

"ஏற்கெனவே அதுல முக்கால்வாசிக்குக் கிட்ட இரும்புதான்மா."

இதைக் கேட்டதும் அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே.. நாலு வருஷம் கட்டின பீஸ் மொத்தமும் அந்தப் பார்வையில இருந்துச்சு.

ஆனா அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லைங்க. நல்ல பாத்திரங்களுக்குப் போடற 304 ரகத் தகட்டுல சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல், மீதி பெரும்பாலும் இரும்பு. அந்தக் கலவையில அணுக்கள் அடுக்கி இருக்கற விதத்துக்கு ஆஸ்டனைட்னு பேரு. அதைக் காந்தம் இழுக்காது. அதே தகட்டைப் பிரஸ்ல வச்சு ஆழமா இழுக்கும்போது ஒரு பகுதி மார்ட்டன்சைட்னு இன்னொரு அடுக்குக்கு மாறிடும். அது கெட்டி, காந்தமும் அதை இழுக்கும். தூக்குவாளியோட அடிப்பகுதி அதிகம் இழுபடலை, அதனால மாறலை. சுவர்தான் நல்லா இழுபட்டிருக்கு, அதனால மாறிடுச்சு. போலிக்கும் அசலுக்கும் இதுல சம்பந்தமே இல்லை. நம்ம பையில இருக்கற ஒரு ரூபாய்க் காசுல காந்தம் ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான், நிக்கல் இல்லாத வேற ரகம்.

சரி, மேட்டருக்கு வருவோம். அமுக்கும்போதே தகடு தன் குணத்தை மாத்திக்குதுன்னா, அமுக்கறதுக்கு முன்னாடி எங்கேயோ ஒரு லேபுல எடுத்த அளவை மட்டும் நம்பி வேலை பாக்கறது சரியா? சரியில்லைன்னுதான் நான் நினைக்கிறேன். தகட்டின் குணத்தைப் பிரஸ்லயே, வேலை நடக்கும்போதே அளக்கணும். அந்த அளவு முதலாளி கம்ப்யூட்டர்ல மட்டும் இல்லாம, பிரஸ் ஓட்டறவர் கண்ணுக்கும் தெரியணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல இப்ப என்ன நடக்குதுன்னு பாப்போம். தகடு பெரிய சுருளா வருது, காயில்னு சொல்வாங்க. அதோட ஒரு சர்டிபிகேட்டும் வரும். எவ்வளவு விசையில நிரந்தரமா வளைய ஆரம்பிக்கும், எவ்வளவு நீண்ட பிறகு அறுந்து போகும், இதெல்லாம் அதுல இருக்கும். ஆழமா இழுக்கற வேலைக்கு இன்னும் ரெண்டு எண் முக்கியம். ஒண்ணு 'என்' மதிப்பு. ஒரு இடத்துல நீள ஆரம்பிச்சதும் அந்த இடம் கெட்டியாகி, பக்கத்து இடத்துக்கு நீட்சியைத் தள்ளிவிடற குணம். இது குறைஞ்சா நீட்சி ஒரே இடத்துல குவிஞ்சு அங்கேயே கிழியும். இன்னொண்ணு 'ஆர்' மதிப்பு. இழுக்கும்போது தகடு அகலத்துல சுருங்குதா, தடிமன்ல மெலியுதாங்கறது. தடிமன் குறையாம அகலத்துல சுருங்கினா நமக்கு லாபம். 1950-ல லாங்க்ஃபோர்டும் அவர் கூட்டாளிகளும் எழுதினதுல இருந்து அவர் பேராலயே லாங்க்ஃபோர்ட் எண்ணுன்னு சொல்றோம். தகடு உருட்டின திசையில ஒரு மதிப்பு, குறுக்கே வேற மதிப்பு. அதனாலதான் ஆழமா இழுத்த கிண்ணத்தோட விளிம்பு நேரா இல்லாம, காது காதா தூக்கிக்கிட்டு நிக்கும். கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அதை வெட்டிச் சமப்படுத்திடுவாங்க.

நம்ம நாட்டுல இதெல்லாம் தெரியாம இல்லை. குளிர் உருட்டுத் தகட்டுக்கு ஐ.எஸ். 513-ன்னு தரநிலை இருக்கு. சாதா வேலைக்கு ஒரு ரகம், இழுவைக்கு ஒண்ணு, ஆழ இழுவைக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. சேலம் உருக்காலையில 1980-களின் தொடக்கத்துல இருந்தே எவர்சில்வர் தகடு உருட்டறாங்க. இந்தியத் தகடுகள் எந்த எல்லையைத் தாண்டினா கிழியும்னு காட்டற வரைபடங்களைத் திருச்சி என்.ஐ.டி-யில பேராசிரியர் நாராயணசாமி குழுவினர் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு போட்டிருக்காங்க. படிப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனா இந்த எண்கள் எல்லாமே லேபுல, தகட்டுல இருந்து வெட்டி எடுத்த சின்னத் துண்டுல அளந்தது.

இங்கதான் எனக்குப் பிரச்சினை. 0.8 மில்லிமீட்டர் தடிமன், 1,200 மில்லிமீட்டர் அகலத்துல 15 டன் காயில் ஒண்ணை எடுத்துக்குங்க. பிரிச்சுப் போட்டா எவ்வளவு நீளம் வரும்? கணக்குப் போட்டுப் பாத்தேன், கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். அதுல ஒரு முனையில இருந்து ஒரு சாண் துண்டு வெட்டி இழுத்துப் பாத்துட்டு, மொத்தத்துக்கும் அதே எண்ணை எழுதிடறோம்.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவீங்க. பானைச் சோத்துக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணி, நடுவுல கரண்டி போட்டுக் கிண்டியும் விடறோம். காயிலை யாரும் கிண்டி விடறதில்லையே? சூடா சுத்தி வச்ச காயில்ல வெளிச்சுத்தும் உள்சுத்தும் சீக்கிரம் ஆறும், நடுச்சுத்து மெதுவா ஆறும். ஆறுற வேகம் மாறினா குணமும் மாறும். அப்புறம் உலையில வச்சுப் பதப்படுத்தும்போதும் எல்லாச் சுத்துக்கும் ஒரே சூடு போகாது. ஆக, ரெண்டு கிலோமீட்டருக்கும் ஒரே குணம் இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஏலக்காய் போதும். போடி ஏலத்துல மூட்டை மூட்டையா சரக்கு வரும். வியாபாரிங்க பாக்கறது சாம்பிளைத்தான். அதை உருட்டிப் பாத்து, நிறம் பாத்து, விலை கேப்பாங்க. சாம்பிள் ஒண்ணு, மூட்டைக்குள்ள இருக்கறது இன்னொண்ணுன்னு சண்டை வந்த கதை எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனா ஏலக்காய்ல சாம்பிள் ஏமாத்தினா நஷ்டம் வாங்கினவருக்கு. தகட்டுல சாம்பிள் ஏமாத்தினா நஷ்டம் யாருக்குன்னு போன வருஷம்தான் நேர்ல பாத்தேன்.

டிரெய்னிங்குக்காகச் சென்னைப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்புல ஒரு மாசம் இருந்தேன். பேரு வேண்டாம். வண்டிக்குப் போற ஒரு ஆழமான கிண்ணம் மாதிரிப் பாகம் அங்க அடிப்பாங்க. அந்தப் பிரஸ்ஸை ஓட்டறவர் கம்பத்துக்காரர். நான் தேவாரம்னு சொன்னதும் "அட, நம்ம ஊருப் புள்ளையா"ன்னு டீ வாங்கிக் கொடுத்தார். பதினஞ்சு வருஷமா அதே வேலை.

மூணாவது வாரம் ஒரு நாள் காலையில இருந்து பீஸெல்லாம் மூலையில கிழிய ஆரம்பிச்சது. பத்துக்கு ஒண்ணு, அப்புறம் அஞ்சுக்கு ஒண்ணு. சூப்பர்வைசர் வந்தார். "பிளாங்கைச் சரியா வைக்கிறதில்லை, ஆயில் ஒழுங்கா தடவறதில்லை, கவனம் எங்க இருக்கு?" எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். அந்த மாச இன்சென்டிவ்ல கை வச்சாங்க. அண்ணன் ஒண்ணும் பேசலை. சூப்பர்வைசர் போன பிறகு என்கிட்ட சொன்னார்: "தம்பி, நான் எப்பவும் போலத்தான் வைக்கிறேன். சத்தம் மாறிருச்சுப்பா. நேத்து சாயங்காலமே மாறிருச்சு."

பிரஸ்ஸோட தூண்ல சாக்பீஸ்ல கோடு கோடா கிழிச்சு வச்சிருந்தார். புது காயில் ஏத்தினா ஒரு பெரிய கோடு. ஒவ்வொரு நூறு பீஸுக்கும் ஒரு சின்னக் கோடு. கிழிஞ்சா ஒரு பெருக்கல் குறி. யாரும் சொல்லிச் செஞ்சதில்லை, அவர் பழக்கம். அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டு, ஸ்டோர்ல காயில் நம்பர்களை வாங்கிப் பொருத்திப் பாத்தேன். பெருக்கல் குறிகள் எல்லாம் ஒரே காயிலோட ஒரு பகுதியில குவிஞ்சு கிடந்துச்சு. அந்தக் காயிலோட சர்டிபிகேட்டை எடுத்துப் பாத்தா எல்லா எண்ணும் எல்லைக்குள்ள! கிழிஞ்ச பகுதியில இருந்து ரெண்டு பட்டை, அதே காயிலோட ஆரம்பத்துல இருந்து ரெண்டு பட்டை வாங்கிட்டு வந்து காலேஜ் லேபுல இழுத்துப் பாத்தோம். கிழிஞ்ச பகுதிப் பட்டை முந்தியே அறுந்துச்சு.

சர்டிபிகேட் பொய் சொல்லலை. வெட்டின முனையைப் பத்தி உண்மையைத்தான் சொல்லுச்சு. அண்ணனும் பொய் சொல்லலை. ஆனா சர்டிபிகேட்ல முத்திரை இருக்கு, சாக்பீஸ் கோட்டுல முத்திரை இல்லை. அதனால பழி அவர் மேல. சூப்பர்வைசர்கிட்ட என் நோட்டைக் காட்டினேன். "ம்.. பாக்கலாம்"னார். காயிலை மாத்தினாங்க. வெட்டின காசு மட்டும் திரும்பி வரலை.

இப்ப சொல்லுங்க, அந்தப் பிரஸ்லயே ஒரு சாதாரண அளவுக் கருவி இருந்திருந்தா? முந்தின நாள் சாயங்காலமே தகடு மாறிடுச்சுன்னு அது எழுதி வச்சிருக்கும். அண்ணன் காதுல கேட்டதை ஒரு காகிதத்துல காட்டியிருக்கும்.

என்னென்ன அளக்க முடியும்? புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன், மெக்கானிக்கல் பசங்க பொறுத்துக்குங்க.

முதல்ல விசை. பிரஸ் அமுக்கும்போது அதோட உடம்பும் தலைமுடி அளவுக்காவது நீளும். அங்க ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினா, ஒவ்வொரு அடியிலும் விசை எப்படி ஏறி இறங்குதுன்னு ஒரு வளைகோடு கிடைக்கும். லேபுல தகட்டை இழுத்துப் பாக்கற சோதனை மாதிரியே இதுவும் ஒண்ணு, ஒவ்வொரு பீஸுக்கும் நடக்குது. ஆனா ஒரு சிக்கல். அந்த விசையில தகட்டோட பலம் மட்டும் இல்லை, தடிமன், ஆயில், உராய்வு, டையோட சூடு எல்லாம் கலந்திருக்கு. விசை ஏறினா தகடு கெட்டியாச்சா, ஆயில் காய்ஞ்சுதான்னு அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.

அதனால ரெண்டாவது, இழுப்பு. கிண்ணம் ஆகும்போது தகட்டோட விளிம்பு உள்பக்கமா நகரும். எவ்வளவு நகர்ந்ததுன்னு ஒரு தூர சென்சாரோ கேமராவோ வச்சு அளக்கலாம். கம்மியா நகர்ந்தா சுவர் மெலிஞ்சு கிழியப் போகுதுன்னு அர்த்தம். அதிகமா நகர்ந்தா சுருக்கம் விழப் போகுது.

மூணாவது, சத்தம். தகடு கிழியும்போது நம்ம காதுக்கு எட்டாத அதிர்வு டை வழியா ஓடும். டையில ஒட்டின சென்சார் அதைப் பிடிக்கும். கம்பத்து அண்ணனோட காது செஞ்ச வேலைதான், என்ன, அது ராத்திரி ஷிப்டுலயும் தூங்காது.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, காந்தம். இதைச் சொல்ல எங்க ஊர் மலைக்கு ஒரு நடை போயிட்டு வரணும். தேவாரம் பக்கத்துல பொட்டிப்புரம் மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்டறதா ஒரு திட்டம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் அறிவிப்பு வந்துச்சு. ஊர்ல எதிர்ப்பு கிளம்புச்சு. 2022 பிப்ரவரியில அனுமதிக்க முடியாதுன்னு தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லுச்சு. அந்தச் சண்டைக்குள்ள இப்ப போகலை. அங்க வைக்க நினைச்சது 50,000 டன் இரும்புத் தகடு, அத்தனையையும் காந்தமாக்கி. அதோட சின்ன மாதிரி ஒண்ணு, 85 டன், மதுரையில வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் 5.6 சென்டிமீட்டர் தடிமன், 11 அடுக்கு. நம்ம தகடு மாதிரி அமுக்கினது இல்லை. ஆனா இரும்புக்குள்ள காந்தப்புலம் எவ்வளவு இருக்குன்னு அறுத்துப் பாக்காம எப்படி அளக்கறாங்க? தகட்டைச் சுத்தின கம்பிச் சுருளும், இடைவெளியில சொருகின சென்சாரும்தான். இரும்போட வயித்துக்குள்ள இருக்கறதை வெளியில இருந்து காந்தம் சொல்லுது.

அதே தந்திரம்தான் பிரஸ் ஷாப்புக்கும். இரும்புக்குள்ள குட்டிக் குட்டியா காந்தப் பகுதிகள் இருக்கு. வெளியில இருந்து காந்தப்புலத்தை மாத்தினா அந்தப் பகுதிகளோட எல்லைகள் நகரும். எதெல்லாம் அந்த நகர்வைத் தடுக்குதோ, அனேகமா அதெல்லாம்தான் தகடு வளையறதையும் தடுக்குது. அதனால காந்தத்துக்கு முரண்டு பிடிக்கற தகடு, வளையறதுக்கும் முரண்டு பிடிக்கும். ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துக்காரங்க இதை வச்சு 3எம்ஏ-ன்னு ஒரு முறையே உருவாக்கி வச்சிருக்காங்க. தகட்டைத் தொடாம, வெட்டாம, ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளக்கலாம்.

எவர்சில்வருக்கும் வழி இருக்கு. சுவிட்சர்லாந்துல ஜூரிச் ஈ.டி.எச் பல்கலைக்கழகத்து ஆட்கள் சமையலறையில பாத்திரம் கழுவற எவர்சில்வர் தொட்டி தயாராகற இடத்துல இதைச் செஞ்சு பாத்திருக்காங்க. தகட்டோட குணத்தையும், விளிம்பு எவ்வளவு நகர்ந்ததுங்கறதையும் அங்கேயே அளந்து, அடுத்த தொட்டிக்கு விளிம்பை எவ்வளவு அமுக்கிப் பிடிக்கணும்னு மாத்தறது. கவனிங்க, அவங்க மோட்டாரை மாத்தலை, டையை மாத்தலை. அளந்து பாத்துத் திருகை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

இந்தக் கருவிகள் மந்திரம் இல்லைங்கறதையும் சொல்லிடணும். காந்த சென்சார் நேரா பலத்தைச் சொல்லாது, வோல்ட்டேஜ்தான் சொல்லும். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு பலம்னு அதே ரகத் தகட்டை லேபுல இழுத்துப் பாத்துத்தான் பொருத்தணும். தகட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி கொஞ்சம் மாறினா எண் மாறும், சூடு மாறினா மாறும், ரகம் மாறினா மறுபடி முதல்ல இருந்து. ஆக லேப் வேண்டாம்னு நான் சொல்லலை. லேப் மட்டும் போதாதுன்னு சொல்றேன்.

நாங்க பட்ட அனுபவத்தையும் சொல்லிடறேன், சிரிச்சுக்குங்க. டிரெய்னிங் முடிஞ்சு வந்த வேகத்துல, சின்ன பிரஸ் ஒண்ணுல ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, எடை போடற தராசுகள்ல வர்ற ஹெச்.எக்ஸ்.711 போர்டை மாட்டினோம். விலை மலிவு, எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனா அது வினாடிக்கு அதிகபட்சம் 80 தடவைதான் அளக்கும். பிரஸ் நிமிஷத்துக்கு 40 அடி. ஒரு அடிக்கு ஒன்றரை வினாடி, அதுல தகடு நிஜமா இழுபடறது 0.3 வினாடி இருக்கலாம். அதுக்குள்ள கிடைக்கறது 24 புள்ளி! ஓடற பஸ்ஸை 24 போட்டோ எடுத்து டிரைவர் முகத்தை வரையற கதைதான். உச்ச விசை ஓரளவு தெரிஞ்சது, கிழிஞ்ச நொடி தெரியலை. வேகமான போர்டு வாங்கணும்னு புரிஞ்சுக்கவே ரெண்டு மாசம் ஆச்சு.

"நம்ம ஊர்ல ஆள் கூலி மலிவு, தகடு கிழிஞ்சா ஸ்கிராப்புல போட்டுக்கலாம், இதுக்குப் போய் சென்சாரா?"ன்னு அங்கேயே ஒருத்தர் கேட்டார். ஸ்கிராப் விலையை மட்டும் பாத்தா அவர் சொல்றது சரி மாதிரி தெரியும். ஆனா கிழிஞ்ச பீஸ் எப்பவும் தானா வெளியில வர்றதில்லை. டையில சிக்கிக்கும். எண்ணிக்கை குறையுதேன்னு கையை விட்டு எடுக்கத் தோணும். ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் ஓடணும்னு வச்சிருக்கற சுவிட்ச்ல ஒண்ணைக் கட்டை வச்சு அடைச்சிருப்பாங்க. அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹரியானா பக்கம் கார் உதிரிபாக ஆலைகள்ல விரல் போன தொழிலாளிகளைப் பத்தி சேஃப் இன் இந்தியாங்கற அமைப்பு 2019-ல இருந்து 'க்ரஷ்டு'ன்னு அறிக்கை போட்டுக்கிட்டு வருது. அதுல திரும்பத் திரும்ப வர்ற மெஷின் பவர் பிரஸ். விரலைக் காப்பாத்த ஒளித்திரை சென்சார், வேலி, ஒழுங்கான சுவிட்ச் இதெல்லாம்தான் முதல் வேலை, அதுக்கு மாத்து எதுவும் இல்லை. ஆனா தகடு கிழியப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, கையை உள்ள விட வேண்டிய சந்தர்ப்பமே குறையுமா இல்லையா?

பாத்திரத் தொழிலுக்கும் இது பொருந்தும். நிக்கல் விலை ஏறினதுல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைத் தகடுகள் நம்ம நாட்டுப் பாத்திரங்கள்ல நிறைய வந்துடுச்சு. ஆழமா இழுத்தா அதுல சில ரகம் அப்போதைக்கு நல்லா இருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு, யாரும் தொடாமலே விளிம்புல இருந்து விரிசல் விடும். இழுக்கும்போது உருவான மார்ட்டன்சைட், உள்ளே தங்கின இறுக்கம், தகட்டுல இருக்கற துளி ஹைட்ரஜன் மூணும் சேர்ந்து செய்யற வேலை. டை குளிர்ச்சியா இருந்தா மார்ட்டன்சைட் அதிகம் உருவாகும், சூடேறினா குறையும். அதனால காலையில முதல் பத்து பீஸும் மத்தியானப் பீஸும் ஒண்ணு இல்லை. பட்டறைக்கு வர்ற சர்டிபிகேட்ல இது எங்கயும் இருக்காது. அடிச்ச பாத்திரத்தோட சுவர்ல காந்த அளவி ஒண்ணை வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்.

எனக்கு ஒரு பயமும் இருக்கு, அதைச் சொல்லாம முடிச்சா நேர்மை இல்லை. தகட்டை அளக்கற அதே பெட்டி ஆளையும் அளக்கும். நிமிஷத்துக்கு எத்தனை அடி, எப்ப நின்னுச்சு, எத்தனை நிமிஷம் நின்னுச்சு.. பாத்ரூம் போன கணக்கு வரைக்கும் அதுல இருக்கும். கருவி வந்த பிறகும் "அளவு எங்ககிட்ட இருக்கு, தப்பு உன்மேலதான்"னு சொல்லற நிலைமை வந்தா, சாக்பீஸ் காலமே தேவலைன்னு ஆயிடும். அதனாலதான் அந்தத் திரை பிரஸ் ஓட்டறவரைப் பாத்து இருக்கணும்னு முதல்லயே சொன்னேன். காயில் நம்பரும் அளவும் ஒரே தாள்ல இருக்கணும். ரிஜக்ஷன் வந்து காசை வெட்டறதுக்கு முன்னாடி அந்தத் தாளை அவர்கிட்டயும் காட்டணும். இதுக்குப் பெரிய டெக்னாலஜி வேண்டாம், மனசு வந்தா போதும்.

அதோட, எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கணும்னும் இல்லை. அம்பத்தூர்லயோ கோயம்புத்தூர்லயோ ரெண்டு பிரஸ் வச்சிருக்கற சின்னப் பட்டறைக்காரர் 3எம்ஏ வாங்க முடியாது. ஆனா காயில் மாத்தின நேரத்தை எழுதலாம், அதுக்குக் காசே வேண்டாம். ஒவ்வொரு காயில்லயும் ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துல தடிமன் பாக்கலாம், மைக்ரோமீட்டர் போதும். அடுத்த படி, விசை அளக்க நாலு ஸ்ட்ரெயின் கேஜும் (ஹெச்.எக்ஸ்.711 இல்லாத!) ஒரு போர்டும். அதுக்கு மேல வேணும்னா இழுப்பு, அப்புறம் காந்தம். நம்ம காலேஜ் பசங்க வருஷா வருஷம் அதே லைன் ஃபாலோயர் ரோபோட்டைப் பண்ணறதுக்கு, பக்கத்துப் பட்டறையில ஒரு பிரஸ்ஸுக்கு இதைப் பண்ணிக் கொடுத்தா புண்ணியமாப் போகும். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

தூக்குவாளி என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? கடைக்குப் போய்ச் சண்டை போடற திட்டம் கைவிடப்பட்டது. ஆனா அம்மா நான் சொன்னதை நம்பிடலை. அன்னிக்குச் சாயங்காலம் திண்ணையில உக்காந்து, காந்தத்தை அடியில வச்சு, அங்குலம் அங்குலமா மேல நகர்த்திப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டுல இருந்த எல்லா டம்ளரும் செம்பும் வரிசையில நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டாங்க.

"டேய், கீழ இருந்து மேல போகப் போக இழுக்குதுடா. இந்தக் குட்டை டம்ளர் அவ்வளவா இழுக்கலை. ஆழமா இருக்கறதுதான் இழுக்குது."

எனக்கு மெட்டலர்ஜியில முதல் செமஸ்டர்ல வந்த மார்க்கைச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு அதைவிடக் கூடுதலாப் போடலாம்.

கம்பத்து அண்ணனுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். பொங்கலுக்கு ஊருக்கு வர்றாராம். இன்னும் அதே பிரஸ்தான். "கோடு போடறீங்களாண்ணே?"ன்னு கேட்டேன். "இப்ப நோட்டுல எழுதறேன் தம்பி, தூண்ல பெயிண்ட் அடிச்சுட்டாங்க"ன்னார்.

பி.கு.: தூக்குவாளியில இப்ப மோர் இருக்கு. இதுவரைக்கும் விரிசல் எதுவும் இல்லை. தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.